கச்சான் காற்றும் அலுமாரிக் கதவும்



ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு காற்று. அதே காற்றுதான் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் பசறையிலும் வீட்டு அலுமாரிக் கதவுகளைப் பிளக்க வைக்கிறது. தேயிலைக்காரர்கள் அந்தக் காற்றை நம்பி ஆண்டுக் கணக்கே போடுகிறார்கள். தச்சுப்பட்டறையில் அதற்கு அவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை. கையால் செய்யும் மர அலுமாரிக்குக் கதவு வடிவமைக்க உட்காரும் தச்சர், "என்ன மரம்?" என்று கேட்பதற்கு முன்னால் "இது எந்த மாதம்?" என்று கேட்க வேண்டும் என்பதே இந்தப் பேச்சின் வாதம்.

தென்மேல் பருவக்காற்று அட்டன், நுவரெலியா பக்கத்து மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு மலைமுதுகைத் தாண்டுகிறது. ஊவாவுக்குள் இறங்கும்போது அதன் கையில் ஈரம் மிச்சமில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றையே ஊர்மக்கள் கச்சான் என்கிறார்கள். அந்த வாட்டத்தில் கொழுந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருள்களைக் கூட்டிக்கொள்கிறது. அவற்றுள் ஒன்று மெத்தில் சாலிசிலேட், தசைவலிக்குத் தேய்க்கும் களிம்பில் மணக்கிறதே, அதே பொருள். கொழும்பு ஏலத்தில் ஊவாவின் பருவத் தேயிலை நல்ல விலைக்குப் போவதற்கு அந்த மணம் ஒரு காரணம். பிறகு ஒக்டோபர் பிறந்ததும் நிலைமை தலைகீழ். இடைப்பருவ மழையும் அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழையும் பதுளையை ஜனவரி வரை நனைத்துக்கொண்டே இருக்கும். துவைத்த துணி காய நாட்கணக்காகும். தோற்செருப்பில் பூஞ்சணம் பூக்கும்.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, அலுமாரிக் கதவு சுருங்கும். கார்த்திகையில் அதே கதவு ஊதி, சட்டத்தில் இறுகி, கைபிடி கழன்று கையோடு வரும்.

வெட்டி, அறுத்து, காயவைத்து, வார்னிஷ் பூசிய பிறகும் மரம் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. காற்றில் சார்ஈரப்பதன் 80 வீதமாக நெடுநாள் நின்றால் மரத்தின் உள்ஈரம் ஏறத்தாழ 16 வீதத்தில் போய் நிற்கும். 50 வீதமானால் 9 வீதத்துக்கு இறங்கும். ஈரம் ஏறினால் பலகை அகலும், இறங்கினால் ஒடுங்கும். நீளத்தில் மட்டும் இந்த விளையாட்டு கிட்டத்தட்ட இல்லை. பச்சை மரம் எலும்பாய்க் காய்ந்தாலும் அதன் நீளம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் குறையும். அசைவெல்லாம் அகலத்தில்தான்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. வாட்டுத் தட்டில் பரப்பிய கொழுந்து எவ்வளவு ஈரத்தை விட்டிருக்கிறது என்பதைக் கையால் அள்ளிப் பிடித்தே சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். மழைநாளில் வாட்ட எத்தனை மணி நேரம், கச்சான் நாளில் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. பலகையும் அந்தக் கொழுந்தைப் போலத்தான், என்ன, சற்று மெதுவாக வாடும்.

இனிக் கொஞ்சம் கணக்கு. தச்சருக்குப் பழக்கமான அளவிலேயே பேசலாம். அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று அடி அகலமுள்ள அலுமாரி வாய்க்கு இரண்டு கதவு, ஆளுக்கு 18 அங்குலம். மரம் தேக்கு. கச்சான் காலத்தில் உள்ஈரம் 10 வீதம், மழைக்காலத்தில் 15 வீதம் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் படுத்துக் கிடக்கும், அல்லது எழுந்து நிற்கும். கிடந்த வளையப் பலகையில் உள்ஈரம் ஒரு வீதம் மாறினால் அகலம் சுமார் 0.19 வீதம் மாறும். நின்ற வளையப் பலகையில் அது சுமார் 0.10 வீதம்தான். கிடந்த வளையப் பலகைகளை ஒட்டி, சட்டமே இல்லாமல் இரண்டு கதவும் செய்தால், 36 அங்குலத்துக்கு மொத்த அசைவு ஏறத்தாழ மூன்று நூல் வரும். கார்த்திகையில் சரியாகப் பொருந்திய கதவுகளுக்கு நடுவே ஆடி மாதத்தில் கரப்பான் பூச்சி குடும்பத்தோடு போய்வரலாம். ஆடியில் இறுக்கிப் பொருத்தியிருந்தால் கார்த்திகையில் கதவைத் திறக்க ஆள் பிடிக்க வேண்டும்.

இதற்கான விடையை உலகத்துத் தச்சர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். சட்டமும் நடுப்பலகையும் கொண்ட கதவு அது. நாலு பக்கமும் ஒடுங்கிய சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் காடி, காடிக்குள் பசையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பலகை. பலகை தன் பாட்டில் அகன்று ஒடுங்கும், சட்டம் அதைக் கண்டுகொள்ளாது. அதே 36 அங்குல வாயில், சட்டம் ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம் என்றால், அகலத்தில் அசையக்கூடிய மரம் இரண்டு கதவுக்கும் சேர்த்து 10 அங்குலம்தான். கிடந்த வளைய மரத்திலேயே அசைவு முக்கால் நூலுக்கு வந்துவிடுகிறது. நின்ற வளையத்தில் அறுத்த சட்டமானால் அரை நூலுக்கும் கீழே. மூன்று நூலை முக்காலாக்கியது விலையுயர்ந்த மரமோ இயந்திரமோ இல்லை, வெறும் வடிவமைப்பு.

பிரித்தானியத் துரைமார் இந்த முறையைக் கப்பலேற்றி மலைக்கே கொண்டுவந்தார்கள். அப்புத்தளைக்கு மேலே அடிஷம் மாளிகைக்குப் போனவர்கள் கருங்கல் சுவரையும் பூந்தோட்டத்தையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஜார்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த வீடு அது. இன்று புனித பெனடிக்ட் துறவிகளின் மடம். உள்ளே வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்க்கலாம். கதவும் சுவர்ப்பலகையும் பர்மாத் தேக்கு, பாணி டியூடர், ஜேக்கோபியன். இங்கிலாந்தின் குளிர்ந்த கல்வீடுகளில் சுவருக்குப் பலகை அடிக்கப் பிறந்த பாணி அது. அதன் உயிர்நாடியே சட்டமும் பலகையும்தான். அலுமாரிக் கதவு செய்யக் கற்க நினைக்கும் இளைஞர் அங்கே அரைமணி நேரம் நின்று, சட்டம் எங்கே எவ்வளவு அகலம், பலகை எங்கே எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் நுழைவுச்சீட்டுக் காசு வீண்போகாது.

துரைமார் வருவதற்கு முன்னாலும் ஊவாவில் மரத்தின் போக்கை அறிந்த கைகள் இருந்தன. ஹாலிஎலப் பக்கம் கல்லந்த ஓயாவுக்குக் குறுக்கே நிற்கும் போகொட மரப்பாலம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்படுகிறது. கூரையிட்ட பாலம். பலகையிலிருந்து ஆணி வரை மரம். அங்கே தச்சன் செய்த இரண்டு தீர்மானங்கள் அலுமாரிக்கும் செல்லும். ஒன்று, மரத்தின் தலையில் மழை விழாமல் ஓடு போட்டது. மற்றது, மரத்தை மரத்தாலேயே பிணைத்தது. இரும்பாணி துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்துத் தளர்த்தும். மர ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தோடு சேர்ந்து ஈரம் வாங்கும், சேர்ந்து காயும்.

கதவின் மூலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். சட்டம் ஏழு நூல் தடிப்பு. குறுக்குச் சட்டத்தின் முனையில் கழுந்து, கால் அங்குலம் தடிப்பும் ஒன்றரை அங்குலம் நீளமும். நெடுஞ்சட்டத்தில் அதற்கேற்ற துளை. கழுந்தின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு குதி விட்டுவைக்க வேண்டும், அது காடியின் முனையை அடைத்துக்கொள்ளும், மூலை முறுகாமலும் பிடிக்கும். இனி மர ஆணி. நெடுஞ்சட்டத்தில் ஆணித்துளை போட்டு, கழுந்தை உள்ளே விட்டு, துளை விழும் இடத்தைக் கழுந்தில் அடையாளம் வைத்து, கழுந்தை வெளியே எடுத்துவிடுவார் தச்சர். அடையாளம் வைத்த இடத்திலேயே துளை போட்டால் அவர் பழகுநர். கால் நூல், போனால் அரை நூல் தோள்பக்கமாகத் தள்ளிப் போடுபவர் கைதேர்ந்தவர். முனை சீவிய ஆணி வளைந்து நெளிந்து உள்ளே போகும்போது கழுந்தை இழுத்துத் தோளைச் சட்டத்தோடு அப்பிவிடும். பசை பிற்காலத்தில் கைவிட்டாலும் மூட்டு விடாது. கவ்விகள் வாங்கக் காசில்லாத பட்டறைக்கு இதைவிட மலிவான கவ்வி கிடையாது.

நடுப்பலகையின் அளவில்தான் மாதக் கேள்வி வருகிறது. இரண்டு நெடுஞ்சட்டத்துக்கும் இடையே 13 அங்குலம். இரு பக்கமும் காடி மூன்று நூல் ஆழம். காடியின் அடிக்கும் அடிக்கும் இடையே ஆக 13 அங்குலம் ஆறு நூல். பலகை ஓராண்டில் அசையப்போவது சுமார் ஒரு நூல். கச்சான் காலத்தில் செய்கிற பலகை இனி ஊதத்தான் போகிறது. அதற்கு இரு பக்கமும் முக்கால் நூல் இடம் விட வேண்டும். கார்த்திகையில் செய்கிற பலகை ஊதி முடித்துவிட்டது. அதற்குக் கால் நூல் போதும், கூட விட்டால் ஆடியில் பலகை காடியைவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும். பலகையின் மேல் நடுவிலும் கீழ் நடுவிலும் மட்டும் ஒவ்வொரு சிறு ஆணி. அப்போது அசைவு இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும், பலகை ஒருபக்கம் ஒதுங்காது.

கதவுக்கும் அலுமாரி வாய்க்கும் இடையே விடும் இடைவெளியும் இதே கணக்கு. அலுமாரியின் மேற்பலகை நீளவாக்கில் ஓடுவதால் வாயின் அகலம் ஆண்டு முழுதும் மாறாது, கதவுகள்தான் மாறும். ஆவணியில் இடம், வலம், நடு என மூன்று இடத்திலும் அரை நூல் விட்டால் கார்த்திகையில் கால் நூல் மிஞ்சும். கார்த்திகையில் பொருத்துகிறவர் கால் நூலோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலும் கீழும் இந்தக் கவலை வேண்டாம். அங்கே கதவின் உயரம் நெடுஞ்சட்டத்தின் நீளம், நீளம் அசையாது.

மொறட்டுவையிலிருந்து லொறியில் மலையேறி வரும் அலுமாரிகள் பல ஊவாவில் கெட்ட பெயர் வாங்குவது ஏன் என்பதும் இங்கே விளங்கும். கடற்கரைக் காற்றில் செய்து பொருத்திய கதவு ஓகஸ்ட் மாதத்துப் பண்டாரவளைக்கு வந்தால் சுருங்காமல் என்ன செய்யும்? மொறட்டுவைத் தச்சரின் கைத்திறனில் குறையில்லை. அந்தக் கதவு வேறோர் ஊரின் காற்றுக்கு அளவெடுத்தது. பலகையாக வாங்கி வருகிறவர்களும் வந்த அன்றே இழைப்புளியை எடுக்கக் கூடாது. இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, சில வாரமாவது இவ்வூர்க் காற்றைக் குடிக்கவிட வேண்டும். பச்சைப் பலகையாக வாங்கினால் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு.

மரத்துக்கு வருவோம். தேக்கு நல்லது, விலை சொல்லி மாளாது. மஹோகனி குறைவாக அசையும், உளிக்கு இசையும், இலங்கையில் இன்று தளபாடம் என்றாலே பாதிப்பேர் மனதில் அதுதான். பலா மஞ்சளாகப் பிறந்து வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகும், பத்து வருடத்தில் அலுமாரியே வேறு நிறம். ஆனால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலாவை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, சோறுபோடும் மரம் என்பதால் வந்த காப்பு. அதைக் குறைசொல்ல வழியில்லை. மொனராகலை, பிபிலைப் பக்கத்து உலர்காட்டு முதிரை அழகில் ராணி, இன்று அது பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைத்தால்தான் உண்டு. சப்பு, தூனா இரண்டும் இலேசானவை, கதவுக்கு ஏற்றவை, ஊவாவின் மரக்காலைகளில் தேடினால் அகப்படுபவை. யூகலிப்டஸ் வேகமாக வளரும், வேகமாகவே பிளக்கும். அறுக்கும்போதே உள்ளிறுக்கம் விட்டுப் பலகை வில்லாய் வளையும். அதில் கதவுச்சட்டம் செய்வது வம்பை விலைக்கு வாங்குவது.

இந்த வரிசையில் யாரும் சேர்க்காத ஒரு மரம், தோட்டத்தில் பிறந்தவர் கண்ணெதிரே நாளும் நிற்பது. தேயிலைக்கு நிழல் தரவென்று ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த கிரெவிலியா. மலைநாட்டில் சவுக்கு என்றும் சபுக்கு என்றும் பெயர். காற்றுத் தடுப்பு, நிழல், உதிரும் இலையால் உரம், கடைசியில் ஸ்டோரின் அடுப்புக்கு விறகு. அதன் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்க்கோடுகள் மிகப் பெரியவை. வளையம் கிடக்க அறுத்தால் அவை புள்ளி புள்ளியாய்த் தெரியும், பலகை சாதாரணமாக இருக்கும். வளையம் நிற்க அறுத்தால் அதே கோடுகள் பட்டைப் பட்டையாய் விரிந்து பட்டுத்துணிபோல் மினுங்கும். ஆங்கிலத்தில் பட்டு ஓக் என்று அதற்குப் பெயர் வந்ததே இதனால்தான். இன்னொரு குணமும் உண்டு. கிடந்த வளையத்தில் இது சுருங்கும் அளவு, நின்ற வளையத்தில் சுருங்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, கதவுக்கு எந்த வாக்கில் அறுத்தால் மரம் அடங்கி இருக்குமோ அந்த வாக்கில்தான் அது அழகாகவும் இருக்கிறது. தச்சருக்கு இப்படி இரட்டை லாபம் அடிக்கடி வாய்ப்பதில்லை. இழைக்கும்போது பறக்கும் தூள் சிலர் தோலில் அரிப்பைக் கிளப்பும், முகமூடியும் நீளக் கையும் வேண்டும். வெளிறிய மரத்தில் புழுவும் விழும், போராக்ஸ் கரைசலில் ஊறவைத்தால் அதற்கு மருந்து.

ஒரு பெரிய தடையும் உண்டு, அதை மறைத்துப் பேசினால் இந்தப் பேச்சு முழுமையாகாது. மரம் தோட்டத்தினுடையது. நிழல்மரத்தை நட்டவர், கவாத்து வெட்டியவர், அதனடியில் ஆயுள் முழுதும் கொழுந்து பறித்தவர் யாராக இருந்தாலும் ஒரு பலகைக்குக்கூட அவருக்கு உரிமை இல்லை. 1970களின் தேசியமயமும் 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனதும் இந்த ஒரு விடயத்தில் எதையும் மாற்றவில்லை. ஆண்டுதோறும் விறகாகப் போகும் கிரெவிலியாவில் நேரான அடிமரத்தை மட்டும் ஒதுக்கி, வளையம் நிற்க அறுத்து, தோட்டத்து இளைஞர்களின் பட்டறைகளுக்கு விறகு விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் கம்பனிக்கு என்ன நட்டம் என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

தோட்டத்து லயன் வீட்டுக்குள் வந்தால் கதவின் வடிவமைப்பு வேறொரு சோதனையைச் சந்திக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கட்டில், பெட்டிகள், பிள்ளைகளின் புத்தகம், மழைக்காலத்தில் உள்ளே தொங்கும் ஈரத்துணி. 18 அங்குலக் கதவு திறக்கத் தன் முன்னால் 18 அங்குலத் தரை கேட்கும். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையே அவ்வளவு இடம் இல்லாத வீட்டில் அந்தக் கதவு பாதிதான் திறக்கும், பாதி அலுமாரியைக் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கும். அங்கே நாலு ஒடுங்கிய கதவு, ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம், இரண்டிரண்டாய் மடியும்படி செய்யலாம். அல்லது காடியில் தள்ளும் கதவு. தள்ளுகதவுக்குப் பிணைச்சல் செலவே கிடையாது, ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலுமாரிதான் திறக்கும். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியில் கட்டிக் கொடுக்கப்படும் புது வீடுகளிலும் இந்த நெருக்கடி முற்றாகத் தீரவில்லை. அங்கே சுவரோடு சேர்த்து அலுமாரி வைத்து, அறைக்கு அளவெடுத்துக் கதவு செய்தால், கடையில் வாங்கும் அலுமாரிக்குப் பின்னால் வீணாகும் மூலைகளும் பயன்படும்.

பூஞ்சணம் இன்னொரு பகை. கார்த்திகையில் இறுக்கி மூடிய கதவுக்குள் ஈரமும் அடைபட்டுக் கிடக்கும். மலைநாட்டுப் பங்களாக்களில் அலுமாரிக்குள் சிறு மின்குமிழை எரியவிடும் வழக்கம் இதற்காகத்தான். மின்கட்டணம் கட்டுப்படியாகாத வீட்டில் கதவுதான் மூச்சுவிட வேண்டும். சாப்பாட்டு அலுமாரிக்குக் கம்பிவலைக் கதவு நம் பாட்டிமாருக்கே தெரிந்த ஏற்பாடு. துணி அலுமாரியிலும் நடுப்பலகைக்குப் பதிலாகச் சிறு இடைவெளிவிட்டு அடுக்கிய சட்டங்களைப் போடலாம்.

இதற்கு நேர்த்தியான ஓர் உதாரணம் கடலுக்கு அப்பால் புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். களத்தில் நின்று வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோர்ஜ் நாகஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த இவர், பின்னாளில் உலகம் போற்றும் மரவேலைக்காரர் ஆனார். அந்த விடுதியின் அறைகளுக்குத் தேக்கில் தள்ளுகதவுகள். சட்டங்கள் முன்னும் பின்னுமாய் மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பதால் கதவு மூடியிருக்கும்போதும் காற்று உள்ளே போகும், பார்வை போகாது. வெயிலுக்காகச் செய்த அந்த உத்தி, அளவைச் சுருக்கினால், பசறை லயனில் பூஞ்சணத்துக்கும் உதவும். சாமி அலுமாரிக்கும் அது பொருந்தும். கற்பூரப் புகை போக வழியில்லாத கதவுக்குள் எந்தச் சாமிப் படமும் நெடுநாள் வெள்ளையாக இருந்ததில்லை.

அழகு பற்றி ஒரு வார்த்தை. செதுக்குப்பூ, மயில், தாமரை என்று ஏற்றிவிட்டால் கதவு அழகாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாய் இருக்கிறது. மரத்தின் ரேகையே பாதி ஓவியம் என்பதை வாழ்நாள் முழுதும் செய்துகாட்டியவர் ஜேம்ஸ் கிரெனோவ். 1920இல் சைபீரியாவின் ஒரு கோடியில் பிறந்து, ஸ்டொக்ஹோமில் கார்ல் மால்ம்ஸ்டனின் பள்ளியில் தொழில் கற்று, 1981 முதல் கலிபோர்னியாவில் மாணவர்களை உருவாக்கியவர். அலுமாரி செய்யும் கலைக்கு 1976இல் வந்த அவருடைய நூல் இன்றும் பாடப்புத்தகம். அவருடைய அலுமாரிகளில் செதுக்கல் அரிது. ஒரே பலகையை நடுவே பிளந்து புத்தகம் விரித்தாற்போல் இரு கதவிலும் வைப்பது, ரேகையின் வளைவு கதவின் ஓரத்தோடு சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது, நெடுஞ்சட்டத்துக்கு நேர்ரேகை மரத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது, இவைதான் அவர் வித்தை. அறுப்பதற்கு முன்னால் அட்டையில் ஒரு சன்னல் வெட்டி, பலகைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் போதும். எந்த இடத்தை நடுப்பலகையாக எடுப்பது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இதற்கு ஐந்து சதம் செலவில்லை. கீழ்க்குறுக்குச் சட்டத்தை மேற்சட்டத்தைவிட அரை அங்குலம் அகலமாக வைப்பதும் அப்படித்தான். சமமாக வைத்தால் கதவு கீழே சரிவதுபோல் தோன்றும்.

ஒட்டுப்பலகைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். தாள்தாளாய்க் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய பலகை கிட்டத்தட்ட அசைவதில்லை. காடியில் பசை வைத்தே ஒட்டலாம், மாதம் கேட்க வேண்டாம். தேயிலை ஏற்றுமதிப் பெட்டி காகிதப் பைக்கு மாறும்வரை, பழைய ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டியைப் பிரித்துச் செய்த தட்டும் கதவும் லயன்களில் சர்வசாதாரணம். ஜிந்தோட்டை அரச தொழிற்சாலை அவ்வகைப் பலகையை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே செய்தது. சட்டம் கிரெவிலியா, நடுவில் ஒட்டுப்பலகை என்பது காசில்லாதவருக்கு மோசமில்லாத தீர்வு. நீர் பட்டால் ஓரம் பிரியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மிச்சமிருப்பது பூச்சும் பிணைச்சலும். நடுப்பலகையைச் சட்டத்துக்குள் பூட்டுமுன்பே பூச்சு முடிந்திருக்க வேண்டும். பூட்டிய பிறகு பூசினால், கச்சானில் பலகை ஒடுங்கும்போது காடியோரமாய் வெளுத்த கோடு தெரியும். முன்பக்கம் எத்தனை கோட்டிங்கோ பின்பக்கமும் அத்தனை. ஒருபக்கம் மட்டும் பூசிய பலகை ஒருபக்கம் மட்டும் ஈரம் வாங்கிக் கிண்ணமாய் வளையும். மலிவுக் கதவுகள் பல வளைவது இந்தச் சிக்கனத்தால்தான். பித்தளைப் பிணைச்சலுக்குப் பித்தளைத் திருகாணி. முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஓட்டிப் பாதை போட்டுவிட்டுப் பித்தளையை விட வேண்டும், இல்லையேல் தலை முறிந்து கையில் வரும். பிணைச்சலைக் குறுக்குச் சட்டத்துக்கு நேரே வைத்தால் பாரம் மூட்டில் இறங்கும். நாலடிக்கு மேல் உயரமான கதவுக்கு மூன்று பிணைச்சல்.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் ஆண்டில் கதவு ஓர் இடத்தில் உரசத்தான் பார்க்கும். ஆகவே விலை பேசும்போதே இரண்டாவது வருகையையும் சேர்த்துப் பேசிக்கொள்வது தச்சருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. ஓகஸ்டில் கொடுத்த அலுமாரிக்கு டிசெம்பரில் ஒருமுறை, டிசெம்பரில் கொடுத்ததற்கு ஓகஸ்டில் ஒருமுறை. கையில் சிறு இழைப்புளியும் திருப்புளியும் போதும், வேலை அரைநாளுக்கு மேல் போகாது. அந்த அரைநாள் கூலியும் பஸ் காசும் ஆரம்பத்திலேயே சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கதவின் உட்புறத்தில் செய்த மாதத்தையும் மரத்தின் பெயரையும் பென்சிலால் குறித்துவைத்தால், இருபது வருடம் கழித்துப் பழுதுபார்க்க வரும் இன்னொரு தச்சர், இழைப்புளியை எடுப்பதா, கச்சான் வரும்வரை பொறுப்பதா என்று அதைப் பார்த்தே முடிவெடுப்பார்.